நீ முதலில் எழுதிக் கொடுத்த கல்லூரி

நேற்றுச் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது உன் செருப்புதான். எப்போதும் ஒன்று வாசற்படியில் கிடக்கும், இன்னொன்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கவிழ்ந்து கிடக்கும். நேற்று இரண்டும் ஒன்றாக, சுவரை ஒட்டி, நேராக இருந்தன. தெரியாத வீட்டுக்கு வந்தவர்கள் கழற்றி வைக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்தேன். உள்ளே நீ பாயில் உட்கார்ந்து, அப்பா வாங்கி வந்த அல்வாவின் காகிதத்தைச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தாய். "அக்கா, நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அந்த சீட்டக் கன்பார்ம் பண்ணிரு. நம்ம ஊருலயே கெடச்சதும் நல்லதுதான்" என்றாய். உன் குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. நான் "சரி" என்றேன். சோறு போட்டேன். அப்பாவும் வந்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

சரவணா, இந்தக் கடிதத்தை அம்மா எழுதியிருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு நாலு வார்த்தை சொல்லி அனுப்புவது பெற்றவர்களின் வேலை. அம்மா போனபோது நீ எட்டாவது படித்தாய், நான் பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தேன். அதற்குப் பிறகு உன் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்துப் போடுகிற கோட்டில் என் கையெழுத்துதான் இருக்கிறது. பன்னிரண்டாவது வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு நான்தான் வந்தேன். உன் கணக்கு சார் என்னைப் பார்த்துவிட்டு, "அம்மா வரலையாப்பா?" என்று உன்னைக் கேட்டார். "இதுதான் சார் எங்கம்மா. கொஞ்சம் சின்னதா இருக்கும்" என்றாய். சார் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது என்பது உனக்கே தெரியும். நேற்றுச் சாப்பிடும்போது இரண்டு தடவை சொல்ல நினைத்தேன். இரண்டு தடவையும் ரசம் வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். இப்போது காலை ஆறு மணி. நீ தூங்குகிறாய். கடையில் வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் கட்ஆஃப் பத்தவில்லை என்று நீ நினைக்கிறாய். நானும் அப்படித்தான் சொன்னேன். அது பொய். கோயம்புத்தூர்க் கல்லூரியில் சிவில் உனக்குக் கிடைத்திருக்கும். நீ எழுதிக் கொடுத்த பட்டியலில் அதுதான் முதலில் இருந்தது. நான் அதை இரண்டாவது இடத்துக்கு இறக்கி, நம் ஊர்க் கல்லூரியை முதலில் ஏற்றினேன். கவுன்சிலிங்கில் பட்டியலை மேலிருந்துதான் பார்த்துக்கொண்டு வருவார்கள். முதலில் இருப்பது கிடைத்துவிட்டால் இரண்டாவதைப் பார்ப்பதே இல்லை. கடைக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். "ரொம்பப் பிடிச்சத மேல போடுங்க. கெடைக்குமா கெடைக்காதான்னு யோசிச்சுக் கீழ போடாதீங்க" என்பேன். எனக்கு வெட்கம் இல்லாமல் பேச வருகிற இரண்டே வாக்கியம் அதுதான். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

பட்டியலை இனி மாற்ற முடியாதபடி பூட்ட வேண்டிய கடைசி நாள் செவ்வாய்க்கிழமையாக இருந்தது. மாலை ஐந்து மணியோடு முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். திருப்பரங்குன்றத்தில் எங்கள் பிரவுசிங் சென்டர் அன்றைக்கு இருந்த மாதிரி என்றைக்கும் இருந்ததில்லை. எல்லாரும் பட்டியலைத் தயாராக வைத்துக்கொண்டு, நாலரை ஆகட்டும் என்று பெஞ்சிலும் படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் முருகேசன் அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். "ராகு காலம் போறப்ப சர்வரும் சேந்து போயிரும். அப்பறம் என்னைய வையக் கூடாது, ஆமா." ஓர் அம்மா மடியில் மகனின் ஃபைலை வைத்துக்கொண்டு, "நீங்க கெடியாரத்த மட்டும் பாருங்கண்ணே. சர்வர முருகன் பாத்துக்கிருவான்" என்றார். நாலரை ஆனதும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். திரை சுற்றிக்கொண்டே நின்றது. நான் வரிசையாக ஏழு பேருக்குப் பூட்டினேன். உன்னுடையதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நீ அன்றைக்கு வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் நின்றுகொண்டிருந்தாய். காலையில் பட்டியலை என் கையில் கொடுத்து, "நீயே போட்டுரு, அக்கா. ஒனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாய்.

எல்லாவற்றையும் நீ எழுதிய வரிசையிலேயே போட்டேன். ஒவ்வொரு கல்லூரியின் பெயருக்குப் பக்கத்திலும் மேலே ஏற்ற ஓர் அம்புக்குறி, கீழே இறக்க ஓர் அம்புக்குறி இருக்கும். ஒரு தடவை அமுக்கினால் ஒரு படி. நான் ஒரே ஒரு தடவை அமுக்கினேன். அவசரத்தில் கை தவறிவிட்டது என்று சொன்னால் நீ நம்புவாய். கை தவறவில்லை. அமுக்கிவிட்டுத் திரையைப் பார்த்தேன். மாற்றி வைக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பூட்டினேன். என் போனுக்கு ஓடிபி வந்தது. அதையும் போட்டேன். பிறகு ஒருவருக்கு ரேஷன் கார்டு நகல் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரிதான் இருக்கிறது. கால் இருப்பது தெரிகிறது, தரை தெரியவில்லை.

உனக்கு ஏன் கோயம்புத்தூர் என்று எனக்குத் தெரியும். ரிங் ரோட்டில் பாலம் கட்டியபோது பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே போய் நிற்பாய். ஒரு நாள் அங்கிருந்த இன்ஜினியர் தன் தலைக்கவசத்தைக் கழற்றி உன் தலையில் வைத்து, "வெயில்ல நின்னு வேடிக்கை பாத்தா பாலம் கட்ட வராது தம்பி. நான் படிச்ச எடத்துல போய்ப் படி" என்று அந்தக் கல்லூரியைச் சொன்னார். அதை நீ மூன்று நாள் எங்களிடம் சொன்னாய். அப்பா மூன்றாவது நாள், "அந்தாளு கவசத்தையாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்ல" என்றார். இதெல்லாம் தெரிந்துதான் அந்த அம்புக்குறியை அமுக்கினேன்.

ஏன் செய்தாய் என்று நீ கேட்பாய். உன் நல்லதுக்காக, வீட்டுச் சாப்பாட்டுக்காக, பக்கத்தில் இருந்தால் செலவு குறையும் என்பதற்காக என்றெல்லாம் சொல்லலாம். அம்மா அப்பாமார் அப்படித்தான் சொல்வார்கள் என்று கடையில் தினமும் கேட்கிறேன். என் காரணம் அது இல்லை. வில்லாபுரத்தில் நமக்கு இத்தனை வருஷமாகத் தெரிந்த மளிகைக் கடையில்கூட, "அண்ணே, எங்கக்காவுக்கு அரைக் கிலோ உளுந்து" என்று நீதான் கேட்கிறாய். நான் பக்கத்தில் பையோடு நிற்கிறேன். கேஸ் சிலிண்டருக்குப் போன் செய்வது நீ. அத்தை வீட்டு விசேஷத்தில் எனக்கும் சேர்த்துப் பதில் சொல்வது நீ. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நாள் மத்தியானம் பாட்டிலில் மருந்து தீர்ந்து, குழாயில் ரத்தம் ஏற ஆரம்பித்தது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் எட்டடி தூரத்தில் இருந்தார். கூப்பிட வேண்டும் என்று தெரிகிறது, வாய் திறக்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்கட்டும் என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ வாங்கப் போயிருந்த நீ உள்ளே வந்து, வாசலிலிருந்தே, "சிஸ்டர், எங்கம்மாவுக்குப் பாட்டில் காலி" என்று கத்தினாய். வார்டே சிரித்தது. அம்மாவும் சிரித்தது. அதனால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு வாய் நீதான் என்று வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை நான் பயந்தது உனக்காக இல்லை. நீ போய்விட்டால் உளுந்து யார் கேட்பார்கள் என்றுதான். இவ்வளவு சின்ன விஷயம்.

முந்தாநாள் காலை முடிவு வந்தது. நீ திரையைப் பார்த்துவிட்டு, "கட்ஆஃப் பத்தல போலக்கா" என்றாய். "ஆமா, இந்த வருசம் ஏறிருச்சு" என்றேன். நீ மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னால் அது சரியாக இருக்கும் என்று நினைக்கிறாய். அப்பா லோடு வண்டியை மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து நேராக வீட்டுக்கு விட்டு, அரைக் கிலோ அல்வாவோடு வந்தார். "பக்கத்துலயே கெடச்சிருச்சு. எம்மகன் வீட்டுலயே இருந்து படிக்கப் போறான்" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டாராம். நீ ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய். நானும் போட்டுக்கொண்டேன். இனிப்பு தெரிந்தது.

நேற்று மதியம் கடைக்கு நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்தார்கள். இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு. "தாயி, இவளுக்கு எடம் விழுந்திருக்காம். அதக் காகிதத்துல எடுத்துக் குடு" என்றார். எடுத்தேன். நீ கேட்ட அதே கல்லூரி. அதே சிவில். இட ஒதுக்கீட்டிலும் நம் பிரிவுதான், கட்ஆஃப் உன்னுடையதைவிடக் குறைவு. அதுவரைக்கும், ஒருவேளை உனக்குக் கிடைக்காமலேயே போயிருக்கலாம் என்று எனக்குள் ஒரு மூலையில் வைத்திருந்தேன். அந்தக் காகிதம் பிரிண்டரிலிருந்து சூடாக வெளியே வந்தபோது அந்த மூலை காலியானது.

"கோயம்புத்தூரு எம்புட்டுத் தூரம் தாயி?" என்று அவர் கேட்டார்.

"பஸ்ஸுல அஞ்சு மணி நேரம் ஆகும்."

"அம்புட்டுத் தூரமா? இவ போயிட்டா எங்க வீட்டு மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?"

"நீ காட்டுப்பா" என்றாள் மகள்.

"எனக்கு யாரு கஞ்சி ஊத்துறது?"

"அத மாட்டுக்கிட்டக் கேளு."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இம்புட்டு வெரசாத் தட்டுறியே, நீ என்ன படிச்சிருக்க?" என்றார். "பத்து" என்றேன். "பத்தா?" என்று அவர் நம்பாமல் முருகேசன் அண்ணனைப் பார்த்தார். "அதுக்கு வாயி கெடையாதுண்ணே. வெரலுதான் பேசும்" என்றார் அண்ணன். இடத்தை ஏற்றுக்கொள்கிற பக்கத்தைத் திறந்தேன். எங்கள் கடையில் அதை அமுக்குவது எப்போதும் நாங்கள்தான். "நீயே அமுக்கிருத்தா" என்று சொல்லிவிட்டுப் பெற்றவர்கள் கண்ணை மூடிக் கும்பிடுவார்கள், பிள்ளைகள் நகத்தைக் கடிப்பார்கள். நான் மவுஸில் கை வைத்தேன். "அக்கா, நான் அமுக்குறேன்" என்றாள் அந்தப் பெண். நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் உட்கார்ந்து, திரையில் இருந்த ஐந்து விருப்பங்களையும் விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். பிறகு அமுக்கினாள். அவள் அப்பா போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு ஓடிபியைப் பஸ் நம்பர் படிக்கிற மாதிரி உரக்கப் படித்தார். முடிந்ததும் என்னிடம், "சரியாத்தான் அமுக்குனாளா?" என்று கேட்டார். "சரியாத்தான் அமுக்குனா" என்றேன். அவர்கள் போன பிறகும் நான் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்து உன் செருப்பைப் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டியலைவிட இது பழைய விஷயம். அத்தை வரும்போதெல்லாம், "தம்பிக்காகப் படிப்ப விட்ட புள்ள" என்று என்னைச் சொல்கிறார். அப்போதெல்லாம் நீ தலையைக் குனிந்துகொள்கிறாய். நேற்று நீ சத்தம் போடாமல் "நம்ம ஊருலயே கெடச்சதும் நல்லதுதான்" என்றதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உண்மை என்னவென்றால், நம் பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு முடிந்துவிடும். பதினொன்றாவதுக்கு டவுனில் வேறு பள்ளிக்கூடம். அப்பா விண்ணப்பம் வாங்கிப் பணமும் கட்டிவிட்டார். "நீ போத்தா. சோத்த வடிச்சு வச்சிட்டுப் போ, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். முதல் நாள் நான் சீருடை போட்டுக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் போனேன். உள்ளே எல்லாரும் கூட்டம் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த வகுப்பு என்று யாரையாவது கேட்க வேண்டும். கேட்க முடியவில்லை. மணி அடித்தது. வாசல் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே நின்றேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "தம்பிய யாருப்பா பாத்துக்கிருவா" என்றேன். அப்பா அழுதார். அதன் பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை. நீ காரணம் இல்லை, சரவணா. நீ அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து தோசை கேட்டாய், அவ்வளவுதான். இத்தனை வருஷம் உன்னைத் தலை குனிய வைத்தது நான்தான்.

இப்போது நீ செய்ய வேண்டியது. இடத்தை ஏற்றுக்கொள்கிற பக்கத்தைத் திறந்தால் ஐந்து விருப்பங்கள் இருக்கும். அதில் உனக்கு ஆகிறவை இரண்டுதான். ஒன்று, இந்த இடத்தை ஏற்று இங்கேயே சேர்வது. இன்னொன்று, இதை வேண்டாம் என்று விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது. ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பது என்று ஒன்று இருக்கும், அது உனக்கு உதவாது. உன் பட்டியலில் இதற்கு மேலே எதுவும் இல்லாமல் நான் செய்துவிட்டேன். அடுத்த சுற்றுக்குப் போனால் பட்டியலைப் புதிதாகப் போடலாம். உன் மதிப்பெண்ணுக்கு அந்தச் சுற்றில் உனக்கு முன்னால் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். கோயம்புத்தூர் சிவிலில் இடம் மீதி இருந்தால் உனக்குக் கிடைக்கும். மீதி இருக்குமா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. இல்லாவிட்டால் இந்த இடமும் போயிருக்கும், இன்னும் தள்ளி எங்காவதுதான். நம் ஊர்க் கல்லூரி மோசமானது இல்லை. அதையும் யோசித்துக்கொள். எது என்று நான் சொல்ல மாட்டேன். உன்னைக் கேட்காமல் ஒரு தடவை சொல்லிவிட்டேன், அது போதும். பாஸ்வேர்டை இந்தத் தாளின் மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன். முதல் வேலையாக அதை மாற்று. என்னிடம்கூடச் சொல்லாதே. இனி உன் பெயரில் எதையும் வேறு ஒருவர் கையால் அமுக்க விடாதே, அவர் உன்மேல் எவ்வளவு பாசமாக இருந்தாலும்.

எந்த ஊரில் சேர்ந்தாலும், முதல் நாளே பக்கத்தில் இருக்கிறவன் பெயரைக் கேட்டுவிடு. இரண்டாவது நாள் கேட்பது கஷ்டம், மூன்றாவது நாள் கேட்கவே முடியாது. வகுப்பு எங்கே என்று தெரியாவிட்டால் யாரையாவது கேள், கேட்டவனை யாரும் மறுநாள் ஞாபகம் வைத்திருப்பதில்லை. இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ கத்திக் கேட்கிறவன். இருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான். என்மேல் கோபம் வந்தால் கோபப்படு. செருப்பை நேராக வைத்துக்கொண்டு இருக்காதே. நான் எப்படி இருப்பேன் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளாதே. எப்படி இருப்பேன் என்று எனக்கும் தெரியவில்லை. காலையில் எழுந்திருப்பேன், உலை வைப்பேன், கடைக்குப் போவேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. நீ இந்த இடத்தை வேண்டாம் என்று விட்டால் அப்பா உன்னைத்தான் பிடித்துக்கொள்வார். கையில கெடச்சத எதுக்குடா விட்ட என்று கேட்பார். மார்க்கெட்டில் என்ன சொல்வது என்று கேட்பார். அதற்கு நீ பதில் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. அப்பாவுக்குப் பயந்து நீ முடிவு எடுக்கவும் கூடாது. இதுவரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். வாசலில் அப்பா வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். போய் அவர் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன்.